பச்சைப் பெயிண்டும் ஒயர்க்காரரும்

"ஒண்ணுமில்லீங்க" என்ற ஒரே வார்த்தையால் தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொண்ட ஒரு மனிதரை எனக்குத் தெரியும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு சந்தில், தகரக் கொட்டகை ஒன்றில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பேர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒயர்க்காரர் என்றால் போதும், சந்தின் எந்த முனையில் நின்று கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். மோட்டார் வண்டியில் விளக்கு எரியவில்லை என்றால் ஏன் எரியவில்லை என்று கண்டுபிடிப்பது அவருடைய தொழில். அந்தத் தொழிலில் அவரை மிஞ்சிய ஆள் எங்கள் ஜில்லாவில் கிடையாது. அந்தத் தொழிலில் அவரளவுக்குப் பேர் வாங்காமல் போனவரும் கிடையாது.

காரணம் சுலபம். மூன்று நாள் யாராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறை அவர் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். வண்டிக்காரர் கவலையோடு, "என்னங்க கோளாறு?" என்று கேட்பார். இவர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணுமில்லீங்க, துரு. தேச்சு உட்டுட்டேன்" என்பார். அந்த இடத்திலேயே வண்டிக்காரருடைய முகம் சுருங்கிப் போகும். இத்தனை பெரிய வண்டி, இத்தனை நாள் நின்றது, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, கடைசியில் துருவா? அதே சந்தின் முனையில் காக்கி நிஜார் போட்ட ஒரு பெரிய மெக்கானிக் இருந்தார். அவர் வண்டியை மூன்று நாள் நிறுத்திவைப்பார். பாகங்களைக் கழற்றிச் சாக்கின்மேல் பரப்பிவைப்பார். "ஆர்மேச்சர்", "கட்டவுட்" என்று நாலு வார்த்தை சொல்லுவார். அவரிடம் போன வண்டிக்காரர்கள் திருப்தியாகத் தூங்கினார்கள்.

ஒயர்க்காரரின் சொத்து மொத்தமும் ஒரு துணிப்பைக்குள் அடங்கும். இரண்டு ஒயர் கட்டிய சின்ன பல்பு ஒன்று, ஒரு திருப்புளி, உப்புத்தாள், கொஞ்சம் செப்புக் கம்பி. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேள்விதான் கேட்பார். என்றைக்கிலிருந்து எரியவில்லை, அதற்கு முந்தின நாள் வண்டி எங்கே நின்றது, யார் யார் வண்டியில் கை வைத்தார்கள் என்று ஒன்றொன்றாகக் கேட்பார். போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு பொறுமையாக விசாரிக்கமாட்டார்கள்.

தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளை அவர். பாவில் எந்த இழை அறுந்தது என்று தேடி எடுத்து முடிச்சுப் போடுவது அவருக்குச் சின்ன வயதிலேயே கை பழகிய வேலை. "அங்க நூலு, இங்க ஒயரு, அம்புட்டுதானுங்க" என்பார். ஒயர் உரசித் தேய்ந்த இடத்தில் மற்றவர்கள் கந்தலைச் சுற்றுவார்கள். இவர் மெழுகு தடவிய பாவு நூலை நெருக்கமாகச் சுற்றுவார். அந்தச் சுற்று அவிழ்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்து வண்டிகளில் விளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும். பேட்டரியிலிருந்து கரண்டு அதன் வழியாக விளக்குக்குப் போய், விளக்கின் இரும்புக் கூட்டிலிருந்து வண்டியின் உடம்பு வழியாகவே திரும்பி வர வேண்டும். ஒயர்க்காரர் அடிக்கடி சொல்லுவார்: "எல்லாரும் போற வழியத்தானுங்க பாக்கறாங்க. திரும்பி வார வழிய ஒருத்தரும் பாக்கறதில்லீங்க." இதை அவர் தத்துவமாகச் சொல்லவில்லை. விளக்கைப் பற்றித்தான் சொன்னார். நான்தான் வயசான பிறகு இதை எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

சேலத்து வக்கீல் ஒருவர் கார் வைத்திருந்தார். இடது பக்கம் திருப்பினால் அந்தக் காருக்கு விளக்கு அணைந்துவிடும், வலது பக்கம் திருப்பினால் எரியும். வக்கீல் இதைக் கோர்ட் வராந்தாவில் ஒரு அதிசயமாகச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பரப்பிவைத்திருந்தார். ஒரு ஜோசியரைக்கூடக் கேட்டார் என்று பேச்சு. ஒயர்க்காரர் ஸ்டியரிங்கை இரண்டு தடவை திருப்பினார், அடியில் குனிந்து பார்த்தார், நூலைச் சுற்றினார், எழுந்தார். "ஒண்ணுமில்லீங்க, திருப்பறப்ப ஒயரு நசுங்குது" என்றார். வக்கீலுக்கு வந்ததே கோபம். "ஒண்ணுமில்லைன்னா மூணு வாரமா நான் என்ன பைத்தியக்காரனா?" என்று கத்தினார். ஒயர்க்காரர் கொஞ்சம் யோசித்தார். வக்கீல் கேட்டது கேள்வி என்று நினைத்துக்கொண்டுவிட்டார். "அப்பிடியில்லீங்க, அவசரக்காரருங்க" என்றார். அந்தக் கார் பிறகு அந்தச் சந்துப் பக்கம் வரவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். மச்சினிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையன் எப்படி என்று மாமனார் இவரிடம் தனியாகக் கேட்டிருக்கிறார். "நல்ல பையனுங்க, ஒரு காது மந்தம்" என்று இவர் சொல்ல, சம்பந்தம் அத்தோடு நின்றது. அவர் மனைவி ஒரு மாதம் சோற்றுத் தட்டைத் தரையில் தள்ளிவைத்துவிட்டுப் போய்விடுவாளாம். என்னிடம் அந்த அம்மாள் ஒரு தடவை சொன்னாள்: "கேக்காட்டி வாயத் தொறக்கமாட்டாருங்க. கேட்டுட்டா மூடமாட்டாரு. எங்க ஊட்டுக்கு வாரவங்க கிட்ட, தயவுபண்ணி இவர ஒண்ணும் கேக்காதீங்கன்னு நான் முன்னயே சொல்லிர்றது."

இப்படிப்பட்டவரிடம்தான் நான் ஒரு பொய் சொல்லச் சொல்லிக் கேட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்வது?

அது யுத்த காலம். ஜேடர்பாளையத்துப் பக்கம் ஒரு பண்ணையக்காரரிடம் நான் டிரைவராக இருந்தேன். வண்டி ஒரு பழைய அமெரிக்கக் கார். முதுகை அறுத்தெடுத்துவிட்டு மரப்பெட்டி கட்டி, வெல்லம் ஏற்றுகிற பிக்கப்பாக மாற்றியிருந்தார்கள். வாரம் மூன்று தடவை செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வெல்லம் கொண்டுபோவேன். விடிவதற்கு முன்னால் கிளம்பினால்தான் ஏலத்துக்குப் போய்ச் சேர முடியும். அதனால் விளக்கு இல்லாவிட்டால் வண்டி இல்லை, வண்டி இல்லாவிட்டால் நான் இல்லை.

பண்ணையக்காரர் நல்ல மனிதர், பக்திமான். எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யமாட்டார். ஆயுத பூஜைக்கு ஊரில் மற்றவர்கள் ஏர், கலப்பை, மண்வெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து முடித்துக்கொள்வார்கள். இவர் வண்டிக்குத் தன் கையாலேயே முழுக்கப் பச்சைப் பெயிண்ட் அடிப்பார். அது குலதெய்வத்துக்கு அவர் நேர்ந்துகொண்டது. அந்தச் சமயம் எனக்கு மூன்று நாள் லீவு உண்டு. நான் என் ஊருக்குப் போய்விடுவேன்.

இரண்டு வருஷமாக ஒரு விசித்திரம் நடந்தது. நான் லீவில் போகும்போது விளக்கு பளிச்சென்று எரியும். திரும்பி வந்து பார்த்தால் அழுதுகொண்டிருக்கும். பல்பின் இழை சிவப்பாகத் தெரியும், வெளிச்சம் வராது. முதல் வருஷம் முனைக்கடை மெக்கானிக் விளக்கு, டைனமோ எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டி, எதையோ மாற்றியதாகச் சொன்னார். எரிந்தது. இரண்டாவது வருஷம் அதே மாதிரி ஆனதும் பண்ணையக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யுத்தத்தில் பல்பு கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. கள்ள விலைக்கு நல்ல பல்பை விற்றுவிட்டுச் செத்த பல்பை மாட்டும் டிரைவர்கள் இருக்கத்தான் இருந்தார்கள். "நீ போறப்ப எரியுது, வாரப்ப எரியலை. ஏப்பா, நான் என்னன்னு நெனைக்கட்டும்?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வருத்தத்தோடு கேட்டார்.

வெள்ளிக்கிழமை கருப்பணசாமி கோயில் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் வழக்கு கிடையாது. நான் எடுக்கவில்லை, அதனால் எனக்குப் பயமில்லை. ஆனால் வீட்டில் என் மனைவிக்கு ஏழு மாதம். என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "வகுத்துல புள்ள இருக்கறப்ப எரியறத அணைப்பாங்களா? நெசமோ பொய்யோ, நெருப்பு நெருப்புதான் சாமி, வேண்டாம்" என்று என் காலைப் பிடிக்காத குறை. என் மனைவி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சூடம் அணைத்தால் வீட்டில் நிம்மதி போகும். அணைக்காவிட்டால் நான் திருடன். திருடன் என்று பேர் எடுத்த டிரைவருக்கு அப்புறம் யார் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்?

புதன்கிழமை விடிந்த பிறகே கிளம்பிப் போய், வெல்லத்தை இறக்கிவிட்டு நேராக ஒயர்க்காரரிடம் போனேன். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர், அதனால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கதையைச் சொன்னேன். வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் கேட்டார்:

"நீங்க லீவுல போனப்ப வண்டிய யாரு தொட்டாங்க?"

"பண்ணையக்காரர்தான். பூஜைக்குப் பெயிண்ட் அடிச்சாரு."

"வெளக்கக் கழட்டிட்டு அடிச்சாருங்களா, கழட்டாம அடிச்சாருங்களா?"

நான் வண்டியண்டை போய்க் குனிந்து பார்த்தேன். விளக்கின் அடித்தட்டு மட்கார்டில் உட்காரும் இடத்தில், இண்டு இடுக்கு விடாமல் பச்சை தெரிந்தது. கழற்றி எடுத்து, அடியில் இரண்டு பூச்சுப் பூசி, காயவைத்து, போல்ட்டுக்கும் பூசி மறுபடி மாட்டியிருந்தார். சாமி காரியமாயிற்றே.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் ஒயர்க்காரர். "திரும்பி வார வழியப் பெயிண்டால அடைச்சுட்டாருங்க. தேச்சு உட்டா எரியும். நீங்களே தேச்சுக்கலாம்."

அங்கேதான் சிக்கல். நான் தேய்த்து விளக்கு எரிந்தால், பயந்துபோய் நல்ல பல்பைத் திருப்பி மாட்டிவிட்டான் என்பார்கள். வேறொருவர் வந்து பண்ணையக்காரர் முன்னால் சொல்ல வேண்டும். அதிலும், உங்கள் நேர்த்திக்கடன் பெயிண்டுதான் விளக்கைக் கெடுத்தது என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? நம்பவும்மாட்டார், மன்னிக்கவும்மாட்டார். நான் இப்படித்தான் கணக்குப் போட்டேன். ரொம்பக் கெட்டிக்காரன் என்று அப்போது என்னைப் பற்றி எனக்கு எண்ணம்.

"அண்ணா, நீங்க வந்து டைனமோ சுருள் கருகிப்போச்சுன்னு சொல்லிருங்க. தானா கருகும், யாரு மேலயும் தப்பில்லைன்னு சொல்லிட்டு, அவுரு பாக்காதப்ப அடியில தேச்சு உட்டுருங்க."

"டைனமோ நல்லாத்தான இருக்குதுங்க?"

"நல்லாத்தான் இருக்குது. சும்மா சொல்லோணும்."

அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். திருடச் சொன்னால்கூட அப்படி விழித்திருக்கமாட்டார். என் மனைவியின் ஏழு மாதத்தைச் சொன்னேன். மாமியார் சொன்னதைச் சொன்னேன். வெட்கத்தை விட்டுக் கண்ணில் தண்ணீரும் விட்டேன். வெகுநேரம் உப்புத்தாளை விரலில் சுருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "கருகிப்போச்சுன்னு வேண்டாமுங்க. ஈரம்னு சொல்றேன். எல்லா டைனமோவுலயும் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும்" என்றார். பொய்யிலும் பேரம் பேசி, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டார்.

சத்தியத்துக்கு முன்னால் ஒரு தடவை ஆளைக் கூட்டிவந்து பார்த்துவிடலாம் என்று பண்ணையக்காரரிடம் கேட்டேன். "கூட்டியா. ஆனா நீ வெளக்குல கை வெக்காத" என்றார். மறுநாள் காலையில் சேலத்துக்குப் போய், ஒயர்க்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனேன். ராசிபுரம் தாண்டியதிலிருந்து அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மந்திரமோ என்று பார்த்தால், "டைனமோவுல ஈரமுங்க, டைனமோவுல ஈரமுங்க" என்று பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரித்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை.

போய்ச் சேரும்போது உச்சி வெயில். வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினால் உள்ளே இருட்டாகிவிடும். விளக்கைப் பார்க்க அது போதும். பண்ணையக்காரரும் ஊர் மணியக்காரரும் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். பண்ணையாட்கள் சிலர் சுவரோரம் நின்றார்கள். விளக்கைப் போட்டதும் இரண்டு பல்பும் வழக்கம்போலச் சிவந்து விழித்தன. ஒயர்க்காரர் செப்புக் கம்பியை எடுத்தார். ஒரு முனையை விளக்குக் கூட்டிலும் மறு முனையை என்ஜினிலும் வைத்தார். வெளிச்சம் பளீரென்று சுவரில் அடித்தது. நான் இருமினேன். கம்பியைச் சட்டென்று எடுத்துவிட்டார்.

"எரிஞ்சுதே!" என்றார் பண்ணையக்காரர்.

"ஆமாங்க."

"அப்ப பல்பு நல்ல பல்புதானா?"

"நல்ல பல்புங்க."

"பின்ன என்னதான் கோளாறு?"

ஒயர்க்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துபோயின. "டைனமோவுல... ஈரமுங்க" என்றார். யாரோ வேறொருவர் அவர் வாயிலிருந்து பேசியதுபோல இருந்தது. அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது என்று நான் பந்தயம் கட்டுவேன். எனக்கோ நெஞ்சிலிருந்து கல் இறங்கியது.

பண்ணையக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கனிவு இருந்தது. "சரி சாமி. எனக்கும் உம்மேல பழி போடோணும்னு ஆசையா? ஊர் நம்போணுமில்ல, அதுக்காகத்தான்" என்றவர், மணியக்காரரிடம் சொன்னார்: "இவன் ஊட்டுல புள்ளத்தாச்சி இருக்குது, சூடம் அணைக்கப் பயப்படறான். பாவம், அவன் வேண்டாம். கோளாறக் கண்டுபுடிச்ச இந்த மனுசனே இங்கயே அணைச்சுட்டுப் போகட்டும். விசயம் முடிஞ்சுது."

இதை அவர் எனக்குச் செய்த உபகாரமாகத்தான் செய்தார். யாரோ ஓடிப்போய் ஒரு ஓட்டுச் சில்லில் சூடத்தை வைத்து வண்டிக்கு முன்னால் ஏற்றினார்கள். ஒயர்க்காரர் அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சூடம் தீர்ந்துபோயிற்று. இன்னொரு கட்டி வைத்தார்கள்.

"ரெண்டு விசயமுங்க" என்றார். "டிரைவரு எதையும் எடுக்கலை. அதுக்கு அணைக்கறேன்." குனிந்து உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். புகை வந்தது. நிமிர்ந்தார். "டைனமோன்னு சொன்னது பொய்யுங்க. பெயிண்டுதான்."

அவர் பாட்டுக்கு ஒரு பக்கத்து விளக்கைக் கழற்றி, அடியில் உப்புத்தாளால் தேய்த்து, மாட்டினார். அது பளிச்சென்று எரிந்தது. தேய்க்காத விளக்கு பக்கத்தில் சிவப்பாக அழுதுகொண்டிருந்தது. இதற்கு மேல் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் பூசுனதாலயா?" என்றார் பண்ணையக்காரர் மெதுவாக.

"ஆமாங்க. ரொம்ப நல்லாப் பூசியிருக்கீங்க. கொஞ்சம் மோசமாப் பூசியிருந்தா எரிஞ்சிருக்குமுங்க."

மணியக்காரர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். பண்ணையக்காரருடைய கழுத்து நரம்பு புடைத்தது. அவர் கேட்கப்போகிற அடுத்த கேள்வி எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ சாமிகளைக் கூப்பிட்டேன்.

"அப்பறம் எதுக்கு ஈரம்னு சொன்ன?"

"டிரைவருதானுங்க சொல்லச் சொன்னாரு."

பண்ணையக்காரர் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். "திருடலை. இத்தன பேரு முன்னால சொல்றேன், நீ திருடலை. ஆனா எம் பெயிண்டுன்னு எங்கிட்டச் சொன்னா நான் உன்னக் கடிச்சுத் தின்னுருவனா? ஊரு பேரு தெரியாத மனுசன பொய் சொல்லக் கூட்டியாந்திருக்க. சாவியக் குடு."

கொடுத்தேன். திருடன் என்ற பழி தீர்ந்த அதே நிமிஷத்தில் வேலை போனது எங்கள் ஜில்லாவில் எனக்கு மட்டும்தான் இருக்கும்.

பஸ் ரோடு வரைக்கும் கரும்புக் காட்டு வழியாக இரண்டு பேரும் நடந்தோம். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். "சூடத்துக்குப் பயந்து டைனமோவ உட்டீங்க, சரி. என் பேரச் சொல்லாட்டி என்ன? நானா நெனச்சுச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?" என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "கேட்டாருங்களே" என்றார். அதற்கப்புறம் பஸ் வருகிறவரை நான் அவரோடு பேசவில்லை. பஸ் வந்த பிறகும் தள்ளிப்போய்த்தான் உட்கார்ந்தேன்.

இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். பெண் குழந்தை பிறந்தது, ஒரு குறையும் இல்லை. அப்புறம் சேலத்தில் ஒரு பஸ் கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். எங்கே விசாரிப்பார்கள் என்று தெரியும், அதனால் நம்பிக்கை இல்லை. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டார்கள். என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் பழைய ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். அன்றைக்குக் கொட்டகைச் சுவரோரம் நின்ற பண்ணையாட்களில் ஒருவர். அவர்தான் சொன்னார். "உங்க பஸ் கம்பெனி ஆளு நம்மூருக்கு வந்தாருங்க. டிரைவரு கை சுத்தமான்னு மணியக்காரரக் கேட்டாரு. அவுரு என்ன சொன்னாரு தெரியுமுங்களா? ஏனுங்க, கூட்டியாந்தவனையே காட்டிக் குடுத்துட்டுப் போனான் ஒரு மனுசன், அவன் சூடம் அணைச்சுச் சொல்லியிருக்கான் இந்த டிரைவரு திருடலைன்னு, இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமான்னு கேட்டாருங்க."

வெல்லச் சாக்குகளுக்கு நடுவில் நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் எனக்காக என் பேரை மறைத்திருந்தால், பணம் வாங்கிக்கொண்டு வந்த ஆள் என்று அந்தச் சத்தியத்தையும் சேர்த்தே தள்ளியிருப்பார்கள். எனக்கு இருக்கிற பேர் அவர் என்னைக் காட்டிக் கொடுத்ததால் வந்த பேர். இத்தனை நாளாக அந்த மனிதரை மனசுக்குள் எப்படியெல்லாம் திட்டியிருந்தேன்!

நேராகச் சந்துக்குப் போனேன். ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கமாட்டேனோ என்னவோ, காலைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். மண்டியில் கேட்டதைச் சொன்னேன். "நீங்க செஞ்சதுதான் சரிங்கண்ணா. நான்தான் புத்தி கெட்டவன்" என்றேன்.

உள்ளே உப்புத்தாள் உரசுகிற சத்தம் நின்றது.

"ஈரம்னு சொன்னனுங்களே" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "அந்தப் பெரிய மனுசர் அத அப்பிடியே நம்புனாருங்க. ஒரு கேள்வி கேக்கலை. அவுரு மூஞ்சி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. இத்தன நாளா சோறு எறங்கலைங்க." உப்புத்தாள் இரண்டு தடவை உரசியது. பிறகு, சண்டைக்குக் கேட்பதுபோல இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்பதுபோலக் கேட்டார்:

"என்னைப் போயி ஏனுங்க அதச் சொல்ல வெச்சீங்க?"

அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவரும் வெளியே வரவில்லை, நானும் எழுந்து போகவில்லை.